இடப்பக்கத்தில் ஒரு மாங்காய் குறைவு

உள்ளே நான் குந்தியிருக்கிறேன். வெளியே ஒரு பெரிய மனிதர் கைகூப்பி நிற்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் துருப்பிடித்த தகரக் கதவு.

"தம்பி, கோவப்படாதீங்க தம்பி. அட்டிகைதானே? அடுத்த தீபாவளிக்குள்ள செஞ்சு போட்டுடறேன். எம் மவ மேல சத்தியம்."

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பத்தாங்கட்டை, அதாவது பத்தாவது மைல். ரம்புத்தான் மரத்தடியில் ஒரு ஜாம்பான். வாளி வைத்த கக்கூசுக்கு அந்நாளில் நாங்கள் சொன்ன பெயர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தகரத்தில் இறங்கி என் உச்சந்தலையில் ஏறிக்கொண்டிருந்தது. கதவில் ஓர் ஆணி ஓட்டை. அதன் வழியே அவர் முகம் தெரியவில்லை; கூப்பிய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகள்.

நான் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. பெண்ணின் கழுத்தில் நகை இல்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதாக அவர் நினைத்துவிட்டார்.

எனக்குக் கோபமும் இல்லை, கீபமும் இல்லை. எனக்கு வயிற்றுப்போக்கு.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களில் சிலர், "ஏனய்யா, உங்கள் வாழ்க்கையில் மானத்தோடு நடந்த சம்பவம் ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு பாரா கூடத் தேறாது. இந்த வாரக் கதை எங்கள் வீட்டில் குழந்தைகள் வரைக்கும் தெரிந்த கதைதான். எழுதச் சொன்னவளே என் மனைவி தனம். அன்று நகை இல்லாமல் உட்கார்ந்திருந்த பெண்ணும் அவள்தான்.

திரைக்குப் பின்னால் தங்கம்

அப்போது, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில், பஃபலோ ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், புகைப்பட நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. முதலாளி ராயப்பன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவார். மற்ற நாட்களில் என்னைப் பாட்டு விடுவார். முன்னறையில் அவர் படம் எடுப்பார். பின்னால், ஒரு பச்சைத் திரைக்கு அப்பால், மருந்து நெடிக்கு நடுவில், ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கலர் போடுவேன்.

கலர்ப் படம் எடுப்பதெல்லாம் அன்றைக்குப் பெரிய இடத்துச் சமாசாரம். எங்களைப் போன்ற கடைகளில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதன்மேல் தண்ணீர்க் கலரை மெல்லியதாகப் பூசிக் கொடுப்போம். கன்னத்துக்கு ரோஜா. சேலைக்குப் பச்சை. உதட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது மஞ்சள். மஞ்சள்தான் தங்கம்.

கல்யாணத்துக்குக் காட்டுகிற படம் என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "கழுத்து ஒரு மாதிரி காலியா இருக்கே…" என்று இழுப்பார்கள். எனக்குப் புரிந்துவிடும். இரண்டு வடச் சங்கிலி, கல் வைத்த தோடு, வளையல். தேக்காவில் எத்தனை நகைக்கடை இருந்தாலும் என்னளவு தங்கம் போட்டவன் கிடையாது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.

ஊரே செய்தது, ஊருக்கே தெரியும், வாய் திறந்து யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் மனசுக்குள் பாதியைக் கழித்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் திரைக்கு அப்பால் ஒரு பெண்குரல். மழையில் நனைந்தது போல் தணிந்த குரல்.

"அண்ணே, எம் பொண்ணு படம். லேசா ஒரு அட்டிகை போட முடியுமா?"

"போட்டுடலாம்மா. என்ன மாதிரி?" என்றார் ராயப்பன் அண்ணன்.

"மாங்காய் வச்ச மாதிரி. பெருசா வேணாம். எல்லார் வீட்டுப் படத்துலயும் இருக்கு, நம்ம வீட்டுல மட்டும் இல்லாட்டி நல்லா இருக்காதுலா."

திரைக்கு அடியில் படம் என் பக்கம் நகர்ந்து வந்தது.

கழுத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி. அவ்வளவுதான். ஆனால் அந்த முகம்! 'சீக்கிரம் எடுங்க, அடுப்புல சோறு இருக்கு' என்று காமிராவைப் பார்த்துச் சொல்வது போன்ற முகம். ஒரு மணி நேர வேலையை நான் மூன்று நாள் செய்தேன்.

அட்டிகை வரையத் தூரிகையின் முனை ஊசிபோல் நிற்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரே வழி, முனையை உதட்டுக்குள் விட்டு நாக்கால் ஓர் உருட்டு உருட்டுவது. ஒரு மாங்காய்க்கு ஒரு நக்கு. மஞ்சள் கொஞ்சம் கசக்கும். காதலில் அதெல்லாம் தெரியுமா?

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் வந்து, "ஆச்சா அண்ணே? பஸ் போயிடும்," என்று திரைக்கு அப்பால் தவித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் இடப்பக்கத்தில் ஒரு மாங்காய் குறைந்துவிட்டது. முகம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, யார் எண்ணப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு கல்யாணத் தரகர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடிக்கு வந்து, என் அம்மாவின் கையில் ஒரு படத்தைக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். என் தங்கம்! என் மாங்காய்கள்!

"பாருடா கோவிந்து, அட்டிகையை. நல்லாத்தான் வச்சிருக்காங்க," என்றார் அம்மா.

பெண் எப்படி என்று அம்மா கேட்கவில்லை. அட்டிகை எப்படி வந்தது என்று நானும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பத்தாங்கட்டைக்குப் பஸ் ஏறமாட்டார் என்று பயம்.

சாணி, பூச்சி, பிணம்

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை. நான் யாருடைய கழுத்துக்கோ சங்கிலி போட்டுக்கொண்டிருந்தேன். ராயப்பன் அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா?"

"மூணு மணிக்கு அண்ணே."

"அப்ப இன்னிக்கு அந்த மஞ்சளை நக்காத."

தூரிகை உதட்டில் இருந்தது. அப்படியே நிறுத்தினேன்.

"அது என்னன்னு நெனச்ச? கம்போடியாவுல ஒரு மரம். பட்டையைக் கீறி விட்டா ரப்பர் பால் மாதிரி வடியும். மூங்கில் குழாயில பிடிச்சு இறுக விடுவாங்க. மூங்கிலைப் பிளந்தா உள்ள கட்டையா நிக்கும். வெளிய பாத்தா அழுக்குப் பழுப்பு. ஈர விரல் பட்டுதோ, பளீர்னு மஞ்சள். அந்தக் காலத்துல நம்ம சிங்கப்பூர்க் கிட்டங்கிக்கு வந்து இங்க இருந்துதான் சீமைக்குக் கப்பல் ஏறும்."

"நல்ல விசயந்தானே அண்ணே?"

"நல்ல விசயந்தான். அதையே வைத்தியருங்க பேதிக்கும் கொடுப்பாங்க. சீமையில அதை அரைக்கிற ஆளுங்க மணிக்கொரு தரம் ஓடுவாங்களாம்."

"எங்க?"

"நாளைக்கு நீ எங்க ஓடுவியோ, அங்க."

அத்தோடு விட்டாரா? கலர்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு கட்டியாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவருக்கு இந்தக் கதைகள் எங்கிருந்து கிடைத்தன என்று எனக்கு இன்றும் தெரியாது. பாதி புளுகு என்று நினைத்தேன். பிற்பாடு விசாரித்தால் முக்கால்வாசி நிஜம்.

வெள்ளை: ஈயத் தகட்டைக் காடிப் பானையில் வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணியைக் குவித்து, மாதக்கணக்கில் மூடி வைத்தால் அதன்மேல் பூக்கிற பொடி. அந்தச் சாணிச் சூட்டில் பிறந்ததைத்தான் மணப்பெண்ணின் முத்துப் பல்லுக்கு நான் வைத்துக்கொண்டிருந்தேன். ரோஜா: கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் பூச்சியைக் காயவைத்து நசுக்கியது. ஆடு கோழி தின்னாத குடும்பத்துப் பெண்களின் கன்னமெல்லாம் பூச்சி. பழுப்பு: தேக்கா மார்க்கெட்டில் சம்பல் வைக்க வாங்குகிறோமே சோத்தோங், அந்தக் கணவாயின் மை. கறுப்பு: எலும்பைக் கருக்கியது. பச்சையில் ஒருவகை சுத்தமான பாஷாணம். சிவப்பில் ஒருவகை பாதரசம்.

"இன்னொரு பழுப்பு இருந்துச்சாம்டா. எகிப்துல பாடம் பண்ணி வச்ச பொணம் இருக்குல்ல? அதை அரைச்சு டியூப்புல அடைச்சு வித்தாங்களாம்."

"அண்ணே, போதும்ணே."

"நம்ம இந்தியாவை விட்டுட்டேனே. வடக்க ஒரு மஞ்சள். மாட்டுக்கு மாவிலையா தின்னக் கொடுத்து, அது பேயற மூத்திரத்தைக் காய்ச்சி…"

"அண்ணே!"

"நீலம் மட்டும் பயப்படாத. கல்லு. ஆப்கானிஸ்தான் மலையில வெட்டுறது. ஒரு காலத்துல தங்கத்தை விட வெலை. படத்துல மாதா போட்டிருக்கிற அங்கிக்கு மட்டும் வைப்பாங்களாம்."

"இத்தனை வருசமா நக்கறேனே, ஏன்ணே சொல்லல?"

"இத்தனை வருசமா உனக்குப் பொண்ணு பாக்கலையேடா."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஈயம், பாதரசம், பூச்சி, பிணம். என் வயிறு ஒரு காட்சிசாலை. சன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி நாக்கை நீட்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன். இன்னும் மஞ்சளாக இருந்தது.

"என்னடா அது, காளியாத்தா மாதிரி?" என்றார் அம்மா.

"அம்மா, நான் செத்துட்டா நீ எங்க போவ?"

"இப்ப தூங்கப் போவேன்," என்று விளக்கை அணைத்துவிட்டார்.

பத்தாங்கட்டை

மறுநாள் அம்மா, மாமா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். மாமா என் தாய்மாமன். தின்பதற்கு மட்டும் வாய் திறப்பவர். புக்கிட் தீமா தாண்டும்போது வயிற்றில் யாரோ உள்ளேயிருந்து மெல்லத் தட்டினார்கள். அது பஸ்ஸின் குலுக்கல் என்று சொல்லிக்கொண்டேன். பஸ் நின்ற பிறகும் தட்டினார்கள்.

அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. வாசலில் கோழிகள். பெண்ணின் அப்பா துவைத்த வெள்ளைச் சட்டையில் ஓடி வந்து, "வாங்க வாங்க, பசியாறிட்டு வந்தீங்களா?" என்றார். பெண்ணின் அம்மா நாற்காலியைத் துடைத்தபடி, "உக்காருங்க அக்கா," என்று அம்மாவிடம் சொன்னபோது திடுக்கிட்டேன். திரைக்கு அப்பால் கேட்ட அதே தணிந்த குரல். அவருக்கு என்னைத் தெரியாது. மாப்பிள்ளை போட்டோக் கடையில் வேலை என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் போட்டோக் கடைக்கா பஞ்சம்?

தட்டில் கேசரி வந்தது. பளீரென்ற மஞ்சள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை ரொம்ப வெக்கப்படுறாரு," என்றார் அப்பா, சந்தோஷமாக.

தனம் கோப்பித் தட்டோடு வந்தாள். படத்தில் இருந்த முகம்தான். அடுப்பு ஞாபகம் கூட அப்படியே இருந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் நூல் மாதிரி அந்தச் சங்கிலி. வேறொன்றும் இல்லை.

அம்மா பார்த்தார். பார்வை கழுத்துக்குப் போனது, காதுக்குப் போனது, திரும்பக் கழுத்துக்கு வந்தது.

"ஏம்மா," என்றார் பெண்ணின் அம்மாவிடம், "படத்துல ஒரு மாங்காய் அட்டிகை இருந்துச்சே. இன்னிக்குப் போடலையா?"

பெண்ணின் அம்மா முந்தானை நுனியைப் பிடித்தார். அவரால் 'அது கலர்' என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பெண்ணின் அப்பாவோ மனைவியைப் பார்க்கிறார். பாவம், அவருக்குப் படத்தில் அட்டிகை இருந்ததே அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். தனம் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்துகொண்டே போனது. எந்தப் பூச்சியை நசுக்கினாலும் அந்தச் சிவப்பு வராது.

அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். ஒரே வரி. 'அம்மா, அது நான் போட்டது.' சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன்.

வயிறு முந்திக்கொண்டது.

விசுக்கென்று எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியே நடந்தேன். நடை இரண்டாவது எட்டில் ஓட்டமானது. பின்னால் ஒரு விசும்பல். பெண்ணின் அம்மாவுடையது. பெண் பார்க்க வந்த இடத்தில், நகை இல்லை என்று தெரிந்த அடுத்த நொடி, மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

தகரக் கதவு

பெண்ணின் அப்பா என் பின்னாலேயே ஓடி வந்தார். "தம்பி, தம்பி!" பல்லைத் திறந்தால் மற்றதும் திறந்துகொள்ளும் என்ற நிலை. மரத்தடியில் தகர அறையைக் கண்டேன், புகுந்தேன், கொக்கியை மாட்டினேன்.

அவர் அதற்கும் கோபம் என்றே அர்த்தம் பண்ணிக்கொண்டார். 'உன் வீட்டு ஜாம்பானில் உட்கார்ந்தாலும் உட்காருவேன், உன் கூடத்தில் உட்காரமாட்டேன்' என்பது மாதிரி ஏதோ.

"பொம்பளைங்க ஏதோ புத்தியில்லாம செஞ்சிட்டாங்க தம்பி. நீங்க எந்திரிச்சுப் போயிட்டா எம் மவளை நாளைக்கு எவன் வந்து பாப்பான்? செஞ்சு போட்டுடறேன் தம்பி. ராத்திரி ஷிப்டும் பாக்கறேன்."

ஆணி ஓட்டைக்கு நேரே அந்தக் கைகள். வெளியே ஒருவர் தன் மானத்தையெல்லாம் ஒரு தகரக் கதவின் முன்னால் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவனுக்கு இரண்டு கையாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் நேரம் இருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எதை என்று கேட்காதீர்கள், எதையும்தான்.

"அது நகையே இல்லைங்க!" என்று கத்தினேன். "கலருங்க! நான்தாங்க போட்டேன்! தேக்காவுல, ராயப்பன் கடையில! ஒவ்வொரு மாங்காயும் நான் போட்டது! எனக்குக் கோவம் இல்லைங்க, வயித்தால போவுது!"

தகர அறைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே பேசினால் ஒலிபெருக்கி. கூடத்தில் அம்மாவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. சாலைக்கு எதிர்ப்புறம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அவரும் கையை நிறுத்திவிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஆணி ஓட்டையில் கைகள் மெல்லப் பிரிந்தன. போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம். கதவுக்கு அப்பால் ஒரு பெண்குரல்.

"தண்ணி வெளிய வச்சிருக்கேன்."

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். போகும்போது சமையலறைப் பக்கம் ஒரு சிரிப்பு உடைவது கேட்டது. கையை வாயில் வைத்து அடைத்தும் அடங்காத சிரிப்பு.

கூடத்துக்கு நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று சொல்லமாட்டேன். விழுந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மாமா என் பங்குக் கேசரியைத் தின்றுகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தனத்தின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாதியைக் கழிச்சிட்டுத்தான் பாத்தேன்," என்றார் அம்மா. "முழுசும் எம் புள்ள போட்டதுன்னா, அதை உங்ககிட்ட நான் என்னன்னு கேக்கிறது? அடுத்த வாரம் நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. எங்க கக்கூசு கீழ கடைக்காரங்களுக்கும் பொதுதான். ஆனாலும் சுத்தமா இருக்கும்."

திங்கட்கிழமை

கடைக்குப் போனதும் ராயப்பன் அண்ணனிடம் பாய்ந்தேன். "உங்க மஞ்சள் என் மானத்தை வாங்கிடுச்சு!" என்று நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துவிட்டு, மஞ்சள் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது கம்போடியாவும் இல்ல, மரமும் இல்லடா. அந்தக் கட்டியெல்லாம் தீர்ந்து எவ்வளவோ காலமாச்சு. நிலக்கரித் தாரு இருக்குல்ல, ரோட்டுக்குப் போடறது? அதுல இருந்து எடுத்தது. இப்ப பாதிக் கலர் அதுலதான். நான் சும்மா உன்னைக் கலாய்ச்சேன். இதை நக்கினா கசக்கும், அவ்வளவுதான்."

"அப்ப… என் வயிறு?"

"அது நீ."

ஆயுள் முழுவதும் அடுத்தவனைக் கலாய்த்துத் திரிந்தவன் நான். அன்றைக்கு அந்தக் கட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரமும் இல்லை, பிணமும் இல்லை. என் பயம்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியிருக்கிறது. மஞ்சள்மேல் பழியைப் போட்டு, 'நான் என்ன செய்வேன்' என்று ஒரு நாள் முழுக்கத் தப்பித்திருந்தேன். அந்தச் சாக்கும் போயிற்று.

அடுத்த தீபாவளி கழிந்து கல்யாணம். நகை வேண்டாம் என்று அம்மா ஆள் விட்டுச் சொன்னார். நானே தஞ்சோங் பகாருக்குப் போய், மாமனாரிடம் கெஞ்சிவிட்டு வந்தேன். அவர் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, "வயிறு இப்ப எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டு, பேச்சை மாற்றிவிட்டார்.

மணமேடைக்குத் தனம் வந்தாள். கழுத்தில் மாங்காய் அட்டிகை. நிஜத் தங்கம்.

நான் போட்ட அதே அட்டிகை. அந்த வளைவு எந்த ஆசாரியிடமும் கிடையாது. என் தூரிகையில் மட்டும் இருந்தது. மாமனார் அந்தப் படத்தை சிராங்கூன் ரோட்டு ஆசாரியிடம் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறார். "ஒரு பக்கம் ஒண்ணு குறையுதே," என்று ஆசாரி கேட்டாராம். "படத்துல எப்படியோ அப்படியே செய்யி. நான் வாக்குக் கொடுத்தது அதுக்குத்தான்," என்றாராம் இவர். எத்தனை ராத்திரி ஷிப்டுகள் என்று அவர் சொல்லவில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு என் மஞ்சள் முழுக்க வெளுத்துவிட்டது. படத்துத் தனம் இப்போது நூல் சங்கிலியோடு மட்டும் இருக்கிறாள். அட்டிகை அவள் கழுத்தில் இருக்கிறது. விசேஷ வீடுகளில் யாராவது ஒரு பெண்மணி கிட்டே வந்து பார்த்து, "ஐயோ, இந்தப் பக்கம் ஒரு மாங்காய் குறையுதே. ஆசாரி ஏமாத்திட்டான்லா! எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், ஒண்ணு சேர்த்து வச்சுத் தருவான்," என்பார்.

"வேணாம்," என்பாள் தனம். "அப்பா பாத்துச் செஞ்சது. அப்படியே இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து நான் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிப்பேன். எங்கே கிளம்பிட்டீங்க, வயிறா என்று யாராவது கேட்பார்கள், கூடம் சிரிக்கும். ஆமாம் என்று நானும் வயிற்றைப் பிடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, கூப்பிய அந்தக் கைகள் கண்முன் வர, வெளியே போய் நிற்பேன்.